அந்தக் கிரகத்து ஆண்பிள்ளை

கொடைக்கானல் பஜாரில் பழைய புத்தகம் விற்கும் பாய் கடையில்தான் அந்த ஆங்கில நாவலை வாங்கினேன். நான் பிறப்பதற்கு முன்பே வந்தது. வேறொரு கிரகத்தில் பெண்களின் ஆட்சி. சபைக்குள் ஆண்கள் நுழையக் கூடாது. அவர்கள் வெளியே நிற்க, அக்காளோ தங்கையோ உள்ளே போய் அவர்களுக்காகப் பேசுவாள். எங்கள் மேல்மலை ஊர்க்கூட்டத்தைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான். இதை எழுத வேற்றுக்கிரகம் வரைக்குமா போனார்கள் என்று சிரித்தேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது பழனியில். அப்போது நான் புருஷன் அடி தாங்காமல் மலையில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். கல்யாணத்தைத் தீர்த்துவிடுவதா, என்னைத் திருப்பி அனுப்புவதா என்று ஊர் முடிவு சொல்ல வேண்டும். டிகிரி முடித்தவள்தான், ஓட்டும் போடுகிறவள்தான். ஆனால் கூட்டத்தில் எனக்கு வாய் கிடையாது, அண்ணன்தான் பேசவேண்டும்.

கேரட் கழுவிக்கொண்டே அவனுக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அதில் ஒருவனை ஒரு கிழவிக்குக் கட்டிவைக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வழியில்லை. கேட்ட அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாவம் தாயி அந்தப் பய. வாயத் தொறக்கவே விடலையே. என்ன ஊருப்பா அது!"

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

"எனக்கும் நீதாண்ணே வாய். அங்க போக மாட்டேன்னு சொல்லிரு."

"நீ சோலியப் பாரு. நான் இருக்கேன்ல."

மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கிவிட்டேன்.

கூட்டத்தன்று வெள்ளனே போய்ச் சாவடிச் சுவருக்கு வெளியே மற்றப் பெண்களோடு நின்றேன். உள்ளே என் புருஷன், இனிமேல் கை நீட்ட மாட்டேன் என்றான். பெண் வீட்டார் என்ன சொல்கிறீர்கள் என்று பெரியவர்கள் கேட்டார்கள். அண்ணன் தொண்டையைக் கனைத்தான்.

"தங்கச்சிக்கும் போகத்தான் ஆசைங்க. பெரியவங்க பாத்துச் சேத்து வைங்க."

அவன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தான். வாழாவெட்டி ஒருத்தி வீட்டில் இருந்தால் சம்பந்தம் அமையாது. அந்தக் கவலை அவனுக்கு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி.

"பொய்! நான் போக மாட்டேன்!" என்று கத்தினேன். உள்ளே பேச்சு நின்றது. நன்றாகத்தான் கேட்டிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண்களே என் வாயைப் பொத்தினார்கள்.

"பொம்பளச் சத்தம் கேக்குது. யார் வீட்டுப் பொண்ணுன்னு பாத்து, வெரசாக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றார் ஒருவர்.

எழுந்து வந்தவன் அண்ணன்தான். கையைப் பிடித்து நேரே பழனி பஸ்ஸில் ஏற்றினான். இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.