எதிர்காலத்திலிருந்து வந்த பேக்கேஜ்

1. திரும்பி வந்தது

‘உங்கள் பேக்கேஜ் எதிர்காலத்தில் செய்யப்பட்டிருக்கிறது. ஏற்க முடியாது.’

ஆங்கிலத்தில் வந்திருந்த அந்த இரண்டு வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. சிவகாசிக் காலண்டர் அச்சகத்தில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் பொறுப்பாளர் நான். எதிர்காலத்தை அச்சடித்து ஆணியில் தொங்கவிடுவதுதான் எங்கள் பிழைப்பே. அதில் குற்றம் சொன்னால் எப்படிப் பொறுக்கும்?

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் பழைய தினசரி காலண்டர் சாப்ட்வேரை விற்ற கம்பெனி மூடிப்போனது. அதனால் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு மாறினோம். தமிழ் மாதம், நட்சத்திரம், ராகுகாலம் எல்லாம் கணக்கிட்டுக் கொடுக்க நானும் என்னோடு வேலை செய்யும் பாண்டியும் ஒரு லைப்ரரி எழுதினோம். லைப்ரரி என்றால், மற்ற புரோகிராம்கள் கேட்கும்போது பதில் சொல்லும் புரோகிராம். அதற்குத் ‘தினத்தாள்’ என்று பேர் வைத்தோம்.

கணக்கு சுத்தமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டர் மிஷினிலும் நாங்களே உட்கார்ந்து கையால் ஏற்ற வேண்டும். சிஸ்டம் அப்டேட் ஆனால் அது படுத்துக்கொள்ளும். போன சீசன் நடுவில் மூன்று மிஷின் ஒரே நாளில் படுத்துவிட்டது. பிளேட் போட முடியாமல் அச்சு மிஷின் சும்மா நின்றது. முதலாளி அண்ணாச்சி எங்கள் அறைக்கே வந்துவிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அதுதான் பயம்.

“பாக்கியம், நீ ஒவ்வொரு மிஷினா ஓடி ஓடி ஏத்திக்கிட்டுக் கெடக்கே. சிஸ்டத்தோட அது தானா வந்து எறங்கணும். இந்த ஆல்பத்துக்குள்ள அது நடக்கலேன்னா, செக்‌ஷனை மூடிட்டு வேலையைச் சென்னைக்குக் குடுத்துருவேன். வருத்தப்படாதே.”

ஆல்பம் என்பது ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு வெளியிடும் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள். எங்கள் செக்‌ஷனில் நான்கு பேர். நாரணாபுரத்திலிருந்து வேனில் வரும் எனக்குச் சென்னை எந்தத் திசை என்றே சரியாகத் தெரியாது. ஐம்பதை நெருங்கும் வயதில் வேறு எங்கே போய் நிற்பேன்?

2. பெட்டியில் அடைக்கும் வேலை

சிஸ்டத்தோடு தானாக வர வேண்டுமென்றால், லைப்ரரியைப் பேக்கேஜாக்கி அந்தச் சிஸ்டத்தை நடத்துகிறவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பட்டாசு செய்வது ஒரு வேலை. அதை கிஃப்ட் பாக்ஸில் அடுக்கி, உள்ளே என்ன இருக்கிறது, கூட என்ன வேண்டும் என்று லேபிள் ஒட்டி அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டாவதை நாங்கள் லேசாக நினைத்துவிட்டோம். லைசென்ஸ் விவரம் இல்லை என்று ஒருமுறை திரும்பியது. விளக்கம் போதாது என்று இன்னொரு முறை திரும்பியது. பேக்கேஜ்களைப் பார்வையிடும் வெளிநாட்டம்மா ஒருவர், சம்பளம் வாங்காமல் இந்த வேலையைச் செய்கிறவர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் “எல்லாம் சரி, கையொப்பமிட்டு அனுப்புங்கள்” என்றார். டிஜிட்டல் கையொப்பம் போட்டு அனுப்பினோம். அதற்குத்தான் அவர்கள் மிஷினிலிருந்து தானாக அந்த இரண்டு வரிப் பதில் வந்தது.

அந்தச் சிஸ்டத்தின் புதிய வெளியீட்டுக்குப் பூட்டுப் போடும் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு புதுச் சரக்கு ஏறாது. ஏறவில்லையென்றால் ஆடிக்கும் வராது.

எங்கள் டெஸ்ட் பைல்களில் எல்லாம் அடுத்த வருஷத் தேதிகள். காலண்டர்காரர்கள் வேறெந்தத் தேதியைச் சோதிப்பார்கள்? அதைப் பார்த்துத்தான் அவர்கள் மிஷின் மிரள்கிறது என்று முடிவு கட்டினோம். பாண்டி முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் பழைய வருஷத்துக்கு மாற்றினான். அனுப்பினோம். அதே இரண்டு வரி.

நான் அந்தம்மாவுக்குச் சூடாகவே எழுதினேன். காலண்டர் லைப்ரரியில் வருங்காலத் தேதி இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று கேட்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பேக்கேஜ் செய்த கம்ப்யூட்டரில் இப்போது மணி என்ன?

“ஏலே பாண்டி, காலண்டர் போடுதவகிட்டயே மணி கேக்கா பாரு” என்று சிரித்தேன். போய் என் செல்போனோடு ஒத்துப் பார்த்தேன். நிமிஷம் பிசகவில்லை. மிகச் சரி என்று நிமிர்ந்த தலையோடு பதில் போட்டேன்.

3. பாண்டி போட்ட ஓட்டம்

மறுநாள் புதன்கிழமை. மதியச் சாப்பாடு முடித்து பாண்டி மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்தான். அவன் செல்போன் அடுத்த அறையில் சார்ஜில் இருந்தது. ஸ்கிரீன் மூலையைப் பார்த்தவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

“அக்கா, இன்னைக்கு வியாளக்கெளமையா? மல்லாங்கிணறுல தங்கச்சிக்கு வளைகாப்பு. நான்தான வளையல் வாங்கிட்டுப் போணும்.”

சொல்லிக்கொண்டே வாசல்வரை ஓடிவிட்டான். நாளைக்குத்தான் வியாழன் என்று கத்தி அவனை நிறுத்தினேன். பிறகு நானும் ஸ்கிரீனைப் பார்த்தேன். வியாழக்கிழமை என்றே இருந்தது. அதன் பக்கத்தில் அடுத்த வருஷம்.

அப்போதுதான் உறைத்தது. பழைய சாப்ட்வேர் மிஷின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வருஷத்தை எடுக்கும். அதனால் சித்திரை ஒன்றாம் தேதி சூடம் கொளுத்தி, எல்லா மிஷின் கடிகாரத்தையும் ஒரு வருஷம் தள்ளி வைப்பதும், சீசன் முடிந்ததும் திருப்பி வைப்பதும் எங்கள் செக்‌ஷன் வழக்கம். பழைய சாப்ட்வேர் போய்விட்டது. வழக்கம் போகவில்லை. அந்த மிஷின்களுக்கு இன்டர்நெட் கிடையாது. பேக்கேஜை அங்கே செய்து, கையொப்பமும் அங்கேயே போட்டு, பென் டிரைவில் ஆபீஸ் மிஷினுக்குக் கொண்டுபோய் அனுப்புவோம். மணி சரி, நிமிஷம் சரி, வருஷம் மட்டும் அடுத்தது. எங்கள் சுவரில்கூட அடுத்த வருஷப் புரூஃப்தான் தொங்கும். இன்றைய தேதி என்று ஒன்று அந்த அறைக்குள் எங்குமே இல்லை.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாண்டி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். தேதி சொல்லும் லைப்ரரியைத் தேதி தப்பிய மிஷினில் கட்டி, மணி கேட்டவரிடம் சண்டையும் போட்டிருக்கிறோம்.

கடிகாரத்தை இந்த வருஷத்துக்குக் கொண்டுவந்தோம். மறுபடி கட்டி, மறுபடி கையொப்பமிட்டு, சாயங்கால வேனுக்கு முன்பே அனுப்பினோம். அந்தம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு நடந்ததை எழுதினேன். ஒரு மணி நேரம் பிந்திய கடிகாரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன், தொழிலுக்காக ஒரு வருஷம் முந்திப் போனதை இப்போதுதான் பார்க்கிறேன் என்று பதில் வந்தது. கூடவே, ஒரு காலண்டர் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். பூட்டுப் போடுவதற்குள் ‘தினத்தாள்’ ஏறிவிட்டது. நாங்கள் நால்வரும் கைதட்டியது அச்சு மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டதாம்.

4. ஆடிப்பெருக்கு

ஆல்பத்தன்று காலையில் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றை அண்ணாச்சி முன்னால் பெட்டியிலிருந்து எடுத்தோம். சிஸ்டத்தை ஏற்றி, ஆபீஸ் இன்டர்நெட்டில் இணைத்து, ஒரே ஒரு வரி அடித்தேன். ‘தினத்தாள்’ தானாக வந்து இறங்கியது. அடுத்த சித்திரை ஒன்று என்ன கிழமை என்று அண்ணாச்சி கேட்டார். நான் கையை எடுக்கும் முன் பதில் வந்தது. கையிலிருந்த ஆல்பத்தோடு அவர் ஒத்துப் பார்த்தார்.

“சென்னைக்காரகளுக்கு நான் வேண்டாம்னு சொல்லிக்கிடுதேன். நீங்க நாலு பேரும் இங்கனயே இருங்க” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். கோளாறு வந்தால் கணக்கைத் தோண்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள், முள்ளை மட்டுமல்ல, வருஷத்தையும். வேலை அடுத்த வருஷத்தில் நடக்கலாம், மிஷின் இந்த வருஷத்தில்தான் இருக்க வேண்டும்.

சித்திரைக்கு இப்போதும் சூடம் கொளுத்துகிறோம், கடிகாரத்தைத் தொடுவதில்லை. ஆல்பத்தன்று அண்ணாச்சி போகும்போது சுவரைப் பார்த்து, காலண்டர் கம்பெனியில் இன்றைய காலண்டர் இல்லையா என்று கேட்டார். குடோனில் மிஞ்சிக் கிடந்த ஒன்றை எடுத்துவரச் சொல்லி, தானே ஆணியில் மாட்டினார். தை, மாசி, பங்குனி என்று கத்தையாகக் கிழித்துக்கொண்டே வந்தவர், ஆடிப்பெருக்குத் தாள் வந்ததும் நிறுத்தினார்.