பாதியாக மடித்த நூல்

ஏழாம் வகுப்பில் நேர்விகிதக் கணக்கு தொடங்கிய வாரத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த மொட்டைப் பனையை வெட்டுவதென்று முடிவாயிற்று. இடி விழுந்து பட்டுப்போன மரம். ஆடிக் காற்றில் தானாகச் சாய்ந்துவிடுமோ என்று அம்மாவுக்குப் பயம். பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா, கைக்குழந்தையோடு பின்கட்டில்தான் இருந்தாள்.

மரத்தின் ஒரு பக்கம் எங்கள் வீடு. எதிர்ப்பக்கம் பெரியப்பாவின் மல்லிப்பூத் தோட்டம். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் சித்தப்பா சுலபமாக வழி சொன்னார்.

“வூட்டுப் பக்கமே சாய்ச்சிடலாம். மரம் வூட்டை எங்க எட்டப்போவுது? பாதியிலயே வுழுந்து கெடக்கும்.”

மறுநாள் காலை கிணற்றடியில் குடத்தோடு நின்றபோது என் நிழலைப் பார்த்தேன். என்னைப்போல் இரண்டு மடங்கு இருக்கும்போலத் தோன்றியது. துணி உலர்த்த நட்டிருந்த கொம்பை முழம் போட்டேன். அதன் நிழலும் இரு மடங்கு. துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்தேன். அதுவும் அப்படியே. ஒன்று பெருகும் அளவுக்கு மற்றதும் பெருகும் என்று வாத்தியார் சொன்னதை, மூட்டைக்கும் வண்டிக்கும் மட்டுமே உரிய சங்கதி என்று நினைத்திருந்தேன். பனைக்கு மட்டும் அது வேறாக இருக்குமா என்ன?

நைனாவின் தறியில் மிஞ்சிய நூலை எடுத்துவந்து, பனையின் நிழல் நெடுக இழுத்து, பாதியாக மடித்தேன். மடித்த நூலை மரத்தடியிலிருந்து வீட்டை நோக்கிப் பிடித்தேன். அது பின்கட்டுக்குள் நுழைந்து, குழந்தையின் தூளியையும் தாண்டியது.

“நூல வெச்சி மரத்த அளந்துகினு கீறா” என்று சித்தப்பா சிரித்தார்.

நைனா சிரிக்கவில்லை. “பாதின்னு எப்டிச் சொல்ற?”

“இப்ப எல்லாத்துக்கும் நெழல் ரெட்டிப்பு கீது நைனா. கொம்புக்கும், எனக்கும்.”

அவர் தன் நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆங். நீ இஸ்கோலுக்குப் போ.”

அழுதுகொண்டே போனேன்.

சாயங்காலம் திரும்பியபோது பனை மல்லித் தோட்டத்துக்குள் விழுந்து கிடந்தது. செடிகள் நசுங்கியிருந்தன. எங்கள் வீட்டில் ஓர் ஓடுகூட அசையவில்லை.

“பாத்தியா, வூட்டுக்கு ஒண்ணும் ஆவல” என்றார் சித்தப்பா.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காலையில் மடித்த அதே நூலை எடுத்து, அடிக்கட்டையையும் சேர்த்துப் பனையை அளந்தேன். ஒரு சாண்தான் வித்தியாசம். ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவசர அவசரமாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள், காதிலேயே வாங்கவில்லை. பின்கட்டில் நைனாவுக்குப் பக்கத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் குழந்தை இருந்தது. செடி போனால் மறுபடி துளிர்க்கும் என்று அவர் சொல்ல, நைனா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

நூலும் கையுமாக நான் வாசற்படியில் நின்றேன். யாரும் என்னை ஏனென்று கேட்கவில்லை. மரம் வீட்டுப் பக்கம் விழுந்திருந்தால் என் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருக்குமே என்று வருந்தி, அன்று சோறு வேண்டாம் என்றுவிட்டேன். அந்தக் கணக்கை நம்பித்தான் நைனா காலையில் தன் அண்ணன் வீட்டுப் படியேறினார் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.