தபால்காரர் விளையாட்டும் ஒரு முடியாதும்

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எல்லோரும் உதட்டைப் பிதுக்குவார்கள். படம் வரைகிறவர் என்றால்தான் "நம்ம 'சரிங்க'வா? அந்தக் கண்ணாடிக் கடை மாடிங்க" என்று வழி சொல்வார்கள். யார் எதைக் கேட்டாலும் முதலில் 'சரிங்க' என்று சொல்லிவிடுவார். என்ன கேட்டார்கள் என்று யோசிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டு அத்தைகளுக்காகக் கடைக்கு ஓடியே அவருடைய செருப்புகள் தேய்ந்தன. பந்து விளையாட்டில் யாரும் நிற்க விரும்பாத கோல்கீப்பர் இடத்தில் வருடக்கணக்காக நின்றார். தன் கல்யாணத்தன்று, வந்த உறவெல்லாம் "மாப்பிள்ளை, ஒரு போட்டோ, ஒண்ணே ஒண்ணு" என்று கையைப் பிடித்து இழுக்க, அத்தனை பேருக்கும் சரிங்க சொல்லி நின்றவர் சாப்பிடப் போனபோது சமையல்காரர்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைவது அவர் தொழில். யானை கேட்ட பதிப்பாளர் குட்டியும் வேண்டும் என்பார், பிறகு குட்டிக்குப் பின்னால் ஒரு காடு வேண்டும் என்பார். எல்லாம் அதே சம்பளத்தில்தான்.

இப்படிப்பட்டவர் ஊர் உலகத்திடம் காசு வாங்கி ஒரு வீடியோ கேம் செய்யக் கிளம்பினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறோம்.

யோசனை அவருடையதுதான். ஒரு தெரு, அதில் பன்னிரண்டு வீடுகள். காலையில் தபால்காரர் பையோடு கிளம்புவார். அவரை நடத்திக்கொண்டு போய் நாம் ஒவ்வொரு கதவையும் தட்ட வேண்டும். கதவு திறந்தால் உள்ளே ஒரு வீட்டில் சண்டை நடக்கும், ஒரு வீட்டில் பாட்டு வகுப்பு நடக்கும், ஒரு வீட்டில் பகலிலேயே குறட்டை. கடிதத்தைக் கொடுத்ததும் அந்த வீட்டின் கதை கொஞ்சம் நகரும். அவ்வளவுதான் விளையாட்டு. அவர் படம் வரைய, அவர் மச்சினி புரோகிராம் எழுதினாள். மனைவியின் ஒரே தங்கை, கம்ப்யூட்டரில் கெட்டி, கோபமோ மூக்கு நுனியில். கீழே மனைவி கண் பரிசோதனை செய்து கண்ணாடி விற்க, மேலே கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கி வைத்திருந்த அறையை ஒழித்து இரண்டு மேஜைகள் போட்டுக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே கடையின் பெயர்ப்பலகையில் இருந்த பெரிய மூக்குக்கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

இணையத்தில் இதற்கென்றே ஒரு தளம் உண்டு. நாங்கள் இப்படி ஒன்று செய்யப் போகிறோம், பிடித்தால் இப்போதே காசு போடுங்கள், முடிந்ததும் விளையாட்டு உங்களுக்கு என்று எழுதி வைத்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். மச்சினி கணக்குப் போட்டாள். பன்னிரண்டு வீடு, ஒரு தபால்காரர், ஒரு வருடம் தாராளம். அடுத்த வருடம் இதே மாதம் வெளியீடு என்று எழுதினாள். எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கீழே போனாள். அந்த இடைவெளியில் நம் ஆள் சந்தோஷம் தாங்காமல் கடைசியில் இரண்டு வரி சேர்த்தார்: 'காசு போடும் ஒவ்வொருவருக்கும் இந்தத் தெருவில் ஒரு வீடு உண்டு. அது எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே சொல்லலாம்.'

மாமா பையன்கள், கடைக்கு வருகிறவர்கள், கூடப் படித்தவர்கள் என்று மிஞ்சிப்போனால் பன்னிரண்டு பேர் வருவார்கள் என்பது அவர் நினைப்பு. வந்தவர்களோ ஈராயிரத்துக்கும் மேலே. யாருக்குத்தான் சொந்த வீடு கசக்கும்? அறையில் ஒரே கும்மாளம். மனைவி கடையைப் பாதியில் பூட்டிவிட்டு மேலே வந்து குதித்தார். மச்சினி மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இது தெரு இல்ல. டவுன்."

"ஆமால்ல!" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக.

தேதி குறித்தது பன்னிரண்டு வீட்டுத் தெருவுக்கு. கட்ட வேண்டி வந்தது ஓர் ஊரை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பின்னால் நடந்ததெல்லாம் புரிந்துவிடும். இப்படிக் காசு சேர்த்துச் செய்கிற விளையாட்டுகள் பல ஏன் சொன்ன தேதிக்கு வருவதில்லை என்பதும் பாதி புரிந்துவிடும். செய்கிறவர்கள் சோம்பேறிகள் என்றும் ஏமாற்றுக்காரர்கள் என்றும் வெளியில் பேசுவார்கள். அப்படிப்பட்டவர்களும் இருக்கலாம். இந்த இருவரோ முழு நம்பிக்கையோடுதான் ஒவ்வொரு தேதியையும் சொன்னார்கள், அதுதான் கொடுமை.

ஊர் பெரிதானதால் தபால்காரரால் நடந்து முடிக்க முடியவில்லை. சரி, சைக்கிள் கொடுக்கலாம். சைக்கிள் என்றால் மணி வேண்டும், மேடு பள்ளம் வேண்டும், விழுந்தால் எழுந்திருக்க வேண்டும். இதற்கிடையில் ஒரு பெண்மணி, வாசலில் தன் நாய் படுத்திருக்க வேண்டும் என்று கேட்டார். சரிங்க. அதைப் பார்த்து நூறு பேர் தங்கள் நாய்களோடு வந்தார்கள். சரிங்க, சரிங்க. நாய் என்றால் சைக்கிளைத் துரத்தாதா? துரத்தியது. துரத்திய வேகத்தில் சுவருக்குள் புகுந்து அடுத்த வீட்டுச் சமையலறை வழியாக வெளியே வந்தது. மச்சினி அதைச் சரி செய்தாள். மறுநாள் நாய்கள் ஒழுங்காக இருந்தன, ஆனால் ஊரிலுள்ள கதவுகள் அத்தனையும் வெளிப்பக்கம் திறந்து தபால்காரரின் மூக்கை உடைத்தன. கதவைச் சரி செய்தால் சைக்கிள் பூமிக்குள் இறங்கியது. தார்ச்சாலைக்கு அடியிலிருந்து மணிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஒருவர் சேவல் கேட்டார். அது கூவுகிறதா என்று மாடியில் சோதித்துப் பார்க்கப் பார்க்க, கீழே எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளர்கள் வரிசை மாறிப் படித்தார்கள். "எனக்குக் கண்ணுல கோளாறா, காதுலயாம்மா?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

முதல் தேதி போனது. இரண்டாவது போனது. மூன்றாவது தேதியும் போனபோது தளத்தில் கமெண்டுகள் காரமாக வந்தன. 'தபால்காரர் உயிரோடு இருக்கிறாரா?' என்று ஒருவர் கேட்க, 'பென்ஷன் வாங்கிவிட்டார்' என்று இன்னொருவர் பதில் போட்டார். நம் ஆள் அதைப் படித்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும் இன்னொரு முறை படித்தார், இப்போது சிரிப்பு வரவில்லை. நம்பிக் காசு போட்டவர்கள் அல்லவா.

அந்தச் சமயத்தில் மச்சினிக்கு வேறு ஊரில் பெரிய வேலை ஒன்று கிடைத்திருந்தது. சேரும் நாளை ஒரு முறை தள்ளிக் கேட்டாள், கொடுத்தார்கள். இன்னொரு முறை கேட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். மழைக்காலம் முடிந்ததும் அவள் போயாக வேண்டும். அதற்குள் முடிக்காவிட்டால் விளையாட்டு அரைகுறையாகக் கிடக்கும், ஈராயிரம் பேர் முன்னால் கையை விரிக்க வேண்டியதுதான். நான்காவது தேதியை மழைக்காலத்தின் கடைசி வாரத்தில் போட்டார்கள். இதுதான் கடைசி என்று மச்சினி விரலை நீட்டிச் சொன்னாள். மாமா சரி என்றார்.

ஒரு நாள் அவர் வரைந்து வைத்திருந்த வீடுகளை அவள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வீட்டில் நின்றாள். அழகான வீடு. பின்பக்கம் கல் படிக்கட்டு ஒன்று இறங்கியது.

"மாமா, இந்தப் படிக்கட்டு எங்க போகுது?"

"கீழ."

"கீழ என்ன இருக்கு?"

அவர் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார். கூராக இருந்த பென்சில்தான்.

"மாமா."

"தண்ணி," என்றார். "ஆறு மாதிரி... சின்ன ஆறுதான். காசு போட்டவங்கள்ல ஒருத்தர், துறைமுகத்துல கிரேன் ஓட்டிட்டு இருந்தாரே, அவர் போன் பண்ணாரு. வீடு ஆத்தங்கரையில இருந்தா நல்லாருக்கும், தபால்காரர் படகுல வரட்டும்னு ஆசையா கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அதைக் கேட்டிருக்கவே வேண்டாம்.

மச்சினி எழுந்தாள். "தண்ணி ஓடணும், படகு மிதக்கணும், அதுல சைக்கிள ஏத்தணும். இருக்கிற நாயெல்லாம் நீந்தணும். இத்தன நாள் சுவத்துக்குள்ள போனதுங்க, இனி தண்ணிக்குள்ள போகும். ஒண்ணு அந்த ஆறு, இல்ல நான். நீங்களே முடிவு பண்ணுங்க!" படியில் அவள் இறங்கிய சத்தத்தில் கீழே கண்ணாடிகள் அதிர்ந்தன.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி நிலைமையைக் கையில் எடுத்துக்கொண்டார். "இதுல ஒண்ணும் பெரிய வித்தை இல்லங்க. முடியாதுன்னு சொல்லிப் பழகுங்க. நான் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. அந்த உப்ப எடுங்க."

"முடியாது," என்றார் அவர். சொல்லிக்கொண்டே உப்பை எடுத்து நீட்டினார்.

"கைய மடக்குங்க! மறுபடி. உப்ப எடுங்க."

"முடியாது... போதுமா, இன்னும் வேணுமா?"

முகத்தைத் தூக்கி வைத்திருந்த மச்சினிக்கே சிரிப்பு வந்து புரையேறியது. இப்படியே ஒரு வாரம் ஓடியது. தட்டை எடுங்க, முடியாது. விளக்கை அணைங்க, முடியாது. வாய் ஓரளவு தேறியது. கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, போனை மனைவி அவர் காதருகே பிடிக்க, கிரேன்காரரிடம் பேசினார்.

"ஐயா, அந்த ஆறு..." எதிரே மச்சினி நின்றிருந்தாள். "ஆறு முடியாதுங்க ஐயா. மன்னிச்சுக்கோங்க."

இவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அட, இதுக்கா தம்பி இப்படி இழுத்தீங்க?" என்றார் கிரேன்காரர். "எனக்கு ஆறெல்லாம் எதுக்கு? ஆளாளுக்கு நாய், சேவல்னு வாங்குறாங்க. நான் மட்டும் வெறும் வீட்டோட நின்னா நம்மள மதிக்க மாட்டாங்களோன்னு கேட்டு வச்சேன். நீங்க ஒடனே சரின்னுட்டீங்க! எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. கேம் வந்தா போதும் தம்பி."

போனை வைத்த பிறகு அவர் வெகுநேரம் தொடைக்கு அடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. எத்தனை வருட பயம்! முடியாது என்றால் வானம் இடிந்து விழும் என்றல்லவா நினைத்திருந்தார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கீழே யாரோ கண்ணாடி பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதே சூட்டில் தளத்தில் எழுதினார். இனிமேல் புதிதாக எதுவும் இல்லை, ஆளுக்கொரு தனி வீடு கட்டவும் நேரமில்லை, மாடி மேல் மாடி வைத்து நான்கைந்து பேரை ஒரே கட்டடத்தில் குடிவைக்கப் போகிறோம், தப்பு என்னுடையதுதான், நான் யாருக்கும் இல்லை என்று சொல்லாததால்தான் இவ்வளவு தாமதம் என்று பூசி மெழுகாமல் போட்டார். போட்டுவிட்டுப் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக்கொண்டார்.

காலையில் எழுந்து பார்த்தால் தளம் சந்தைக்கடையாக இருந்தது. திட்டியவர்கள் சிலர் உண்டு. காசைத் திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. மற்றவர்களெல்லாம் போட்டி போட்டுக்கொண்டு விட்டுக் கொடுத்தார்கள். 'என் கிணற்றை மூடிவிடுங்கள்' என்றார் ஒருவர். 'என் நாயைக் கீழ்வீட்டு நாயோடு சேர்த்துவிடுங்கள், இரண்டுக்கும் ஒரே குரைப்பு போதும்' என்றார் இன்னொருவர். மாடி யாருக்கு, கீழ்த்தளம் யாருக்கு என்று முன்பின் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாகிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். சேவல்காரர் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. சேவல் இருந்துவிட்டுப் போகட்டும், அது ஏற்கெனவே கூவத் தொடங்கிவிட்டது.

அதன் பிறகு வேலை மளமளவென்று நகர்ந்தது. கிரேன்காரரின் படிக்கட்டு ஒரு காய்கறித் தோட்டத்தில் போய் இறங்கியது. கடைசி வாரம் வந்தது. அப்போதுதான் ஒரு மத்தியானம் மச்சினி நாற்காலியோடு திரும்பினாள். கண்ணெல்லாம் மின்னியது.

"மாமா, இங்க வாங்களேன். கோச்சுக்காதீங்க."

திரையில் ஆறு ஓடியது. நிஜமான ஆறு. கரையோரம் தண்ணீர் கல்லைத் தொட்டுத் தொட்டுத் திரும்பியது. தபால்காரர் படகில் வந்தார், நாய் ஒன்று தலையை மட்டும் வெளியே நீட்டி நீந்திப் பின்னால் வந்தது.

"ஒங்கள அவ்வளவு திட்டினேன்ல? ஆனா தலைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. சும்மா செஞ்சு பாப்போம்னு ஆரம்பிச்சேன், வந்துருச்சு. ரெண்டே ரெண்டு வாரம் மாமா. ஊர் முழுக்கக் கோத்துடுறேன். ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன். ப்ளீஸ் மாமா."

அவருக்கு அந்த ஆற்றிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மூன்று தேதிகளைத் தின்றது வெளியிலிருந்து கேட்டவர்கள் மட்டுமில்லை, உள்ளே இருக்கிற இந்த ஆசையும்தான் என்று அப்போது உறைத்தது. எவ்வளவு அழகாக இருந்தது! இரண்டு வாரம் என்பாள், அது இரண்டு மாதமாகும், வேலை கைநழுவிப் போகும். இவளுக்கு எதை மறுத்தாலும் தாங்காது அவர் மனசு.

"முடியாதும்மா," என்றார். கை மடியிலேயே இருந்தது. "ஒன் வேல போயிடும்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் கலங்கியது. பிறகு ஆற்றை எடுத்து ஓர் ஓரமாகப் பத்திரப்படுத்திவிட்டு, தபால்காரரைப் பழையபடி சைக்கிளில் ஏற்றினாள்.

சொன்ன தேதியில், சொன்ன காலையில், விளையாட்டு வெளியே போனது. சேவல் கூவ, ஈராயிரம் பேர் தங்கள் தங்கள் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். ஒரு கதவு மட்டும் வெளிப்பக்கம் திறந்தது. அதுவும் சேவல்காரர் வீட்டுக் கதவு என்பதால் யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பேருந்து நிலையத்தில் மச்சினி பெட்டியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மனைவி பக்கத்துக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். வண்டி உறுமியது. அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"மாமா, அந்த ஆத்த நான் அழிக்கல. அடுத்து ஒரு கேம் பண்ணுவோமா? லீவு நாள்ல, நீங்களும் நானும். ஆறு மட்டும்தான். ஒரே ஒரு படகு."

அவர் வாய் திறந்தது, மூடிக்கொண்டது. ஒரு படகு. ஓர் ஆறு. கரையில் வீடுகள் வேண்டாம், நாய் வேண்டாம். அவள் லீவு நாள்கள், தன் பாடப்புத்தக வேலை என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று எண்ணிப் பார்த்தார். வண்டி நகர ஆரம்பித்த பிறகும் யோசித்தார். கூடவே நடந்துகொண்டே யோசித்தார்.

"சரி," என்றார்.

பாட்டிலோடு ஓடி வந்த மனைவி அதை ஜன்னல் வழியே தங்கை கையில் திணித்துவிட்டு, மூச்சிரைக்க அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன சரி? தேதி எதுவும் சொல்லிடலயே?"