மத்தியானப் பூனை

எலித் தொல்லைக்குப் பூனை வேண்டுமென்றால் தெருவில் திரியும் ஒரு குட்டியைப் பிடித்து வந்து வீட்டில் விடுவதுதான் பிள்ளைப்பாக்கத்து வழக்கம். மெட்ராஸ் போய், பிராணிகள் காப்பகத்தில் கெஞ்சி வாங்கி, துண்டு கட்டிய கூடையில் பஸ் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள் நாங்கள்தான். 1991இல் அது தெருவுக்கே சிரிப்பு. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் எனக்குக் கம்பெனியில் நைட் ஷிப்ட்; வாயும் வயிறுமாக இருந்த மனைவி இரவெல்லாம் தனியே கிடந்தாள். துணைக்கு ஒரு உயிர் வேண்டுமென்றாள். மறுக்க வாய் வரவில்லை.

வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை, வெளியே விட்டால் நாய்க்குத்தான் போகும் என்று காப்பகத்து அம்மா சொல்லி அனுப்பினார். வேறெதையும் நாங்கள் கேட்கவில்லை.

சாம்பல் நிறப் பெட்டை. வந்த வாரமே என் தூக்கத்தைக் கெடுத்தது. ஷிப்ட் முடிந்து வந்து, ஜன்னலில் போர்வையை மாட்டிவிட்டுக் கட்டையாய்க் கிடப்பேன். உச்சி வெயில் நேரத்தில் உதட்டில் ஏதோ ஜில்லென்று படும். கண்ணைத் திறந்தால் மூக்குக்கு நேரே அதன் முகம். முன்னங்கால் என் உதட்டின்மேல். நான் மூச்சு விட்டதும் காலை எடுத்துக்கொண்டு போய்விடும். தினமும் இதே கதை. பாம்பென்றால் அடித்திருப்பேன், இதை என்ன செய்ய?

முன் போர்ஷனில் வீட்டுக்காரம்மா தனியாக இருந்தார். இரண்டு போர்ஷனுக்கும் நடுவே ஒரு கதவு. அவர் பக்கம் எப்போதும் தாழ். ஒருநாள் வாசல் வழியாக வந்தவர் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டார்.

"தூங்குற ஆளு மூஞ்சியாண்ட பூனை குந்தினா நல்லதுக்கில்ல. புள்ளத்தாச்சி கீற வூடு. சாக்குல கட்டி ஏரிக்கு அந்தாண்ட வுட்டுட்டு வா. இல்லன்னா வூட்டக் காலி பண்ணு," என்றார்.

பிரசவ நேரத்தில் வேறு வீட்டுக்கு எங்கே போவது? சாக்கில் கட்ட மனைவி சம்மதிக்கவில்லை. காப்பகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவதென்று, அவள் அழ அழக் கூடையைத் தூக்கினேன்.

நான் சொன்னதைக் கேட்டுக் காப்பகத்து அம்மா கூடைத் துண்டை விலக்கிப் பூனையின் தலையைத் தடவினார்.

"இத வளத்த அம்மா தனியா இருந்தவங்க. தூக்கத்துலயே போயிட்டாங்க. உள்ள தாழ்ப்பாள். கதவ ஒடைக்க நாலஞ்சு நாளாச்சு. அதுவரைக்கும் இது பக்கத்துலயே இருந்திருக்கு. அவங்க ஒதட்டுல பூரா நகக்கீறல். எழுப்பிப் பாத்திருக்கு."

கூடையோடு திரும்பி வந்தேன். மனைவி பூனையை மடியில் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்காரம்மாவிடம் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

மறுநாள் மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். படுத்திருந்த நான் வேண்டுமென்றே மூச்சை அடக்கினேன். கால் உதட்டுக்கு வந்தது. அசையாமல் கிடந்தேன். நகம் மெல்ல வெளியே வந்தது. பிறகு ஒரு குரல் கொடுத்தது பாருங்கள், அது பூனைக் குரலே இல்லை. சாவு வீட்டில் கேட்கிற குரல். உடம்பெல்லாம் சிலிர்த்து எழுந்து உட்கார்ந்தேன்.

நடுக்கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்காரம்மா ஓடிவந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து பூனையின் முன்னங்காலைத் தொட்டுப் பார்த்தார். காலி பண்ணும் பேச்சை எடுக்கவில்லை.

"நானும் உள்ள தாப்பா போட்டுகினுதான் தூங்குறேன்," என்றார்.

அன்றிலிருந்து நடுக்கதவுக்குத் தாழ் இல்லை. மத்தியானத்தில் பூனை என் உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மா தூங்கும் அந்தப் பக்கம் போகும். நான் கண்ணை மூடியபடி காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். அது குரல் கொடுக்காமல் திரும்பி வந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வரும்.