அண்ணனை ஏற்றாமல் அனுப்பிவிட்ட கார்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆண்டுக் கடைசியில் பெய்யும் பெருமழையின்போது, புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் எங்கள் தாமான் குடியிருப்பில் இது நடந்தது. காலை எட்டேகால் மணி இருக்கும். அந்த நேரத்தை என்னால் மறக்கவே முடியாது. பிறகு மூன்று டாக்டர்கள் என்னிடம் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

முதலில் எங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நானும் என் அண்ணனும் மட்டும்தான். என் கணவர் இறந்த பிறகு நான் அண்ணனோடு வந்து இருந்துவிட்டேன். அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அப்பா வேலை பார்த்த தோட்டத்தை விற்றபோது தொழிலாளர் லயத்து வீட்டுக்குப் பதிலாக எங்களுக்குக் கிடைத்த வீடு இது. வரிசை வீடு, பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். எனக்குச் செம்பனை எண்ணெய் ஆலை ஆபீசில் வேலை. அண்ணன் லோரி மெக்கானிக். இந்த வட்டாரத்தில் எந்த லோரி நின்றாலும் முதலில் அவருக்குத்தான் போன் வரும்.

அண்ணனுக்குக் கார் கம்பெனிகள் என்றாலே பிடிக்காது. அதற்குக் காரணம் உண்டு. வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஆசைப்பட்டுப் புதுக் கார் வாங்கினார். எட்டே மாதத்தில் கியர் பாக்ஸ் போய்விட்டது. கம்பெனிக்குக் கொண்டு போனால், "நீங்க மெக்கானிக், வண்டியை நீங்களே திறந்து பார்த்திருப்பீங்க, அதனால வாரண்டி கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதில் ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. கடிதம் எழுதினார், நேரில் போய் உட்கார்ந்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்தக் காரை விற்றுவிட்டுப் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, அவரே செப்பனிட்டு ஓட்டினார். "கம்பெனிக்காரன் காடியை விக்கிற வரைக்கும்தான் சிரிப்பான் லா. சாவி கைக்கு வந்துட்டா நீ யாரோ, அவன் யாரோ" என்பார்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் மின்சாரக் கார் வாங்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கோலசிலாங்கூரில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் நர்ஸ். அம்மாவும் அவளும் மட்டும்தான். எங்கள் தாமானில் முதல் மின்சாரக் கார் அதுதான். எல்லோரும் வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போய், வேறு மாதிரிப் பேசினார்கள்.

அதிகமாகப் பேசியது நான்தான். எங்கள் தாமான் வாட்ஸ்அப் குழுவை நடத்துவது நான். யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில் வீட்டு வாசலில் நின்ற கார் கொழுந்துவிட்டு எரிந்தது. அது எந்த ஊர், என்ன கார் என்று ஒன்றும் தெரியாது. ஆனால் "மின்சாரக் கார், சார்ஜ் போடும்போது வெடித்தது, வரிசை வீட்டுக்காரர்கள் ஜாக்கிரதை" என்று எழுதி நான் குழுவில் போட்டேன். மழை வெள்ளத்தில் மின்சாரக் காரில் போனால் உள்ளே இருப்பவர்களுக்குக் கரண்ட் அடிக்கும் என்று ஒரு குரல் பதிவு வந்தது. அதையும் போட்டேன். அதற்கு வந்த பதில்களைப் படிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். என் பேச்சை நாற்பது வீட்டுக்காரர்கள் கேட்கிறார்களே என்ற சந்தோஷம்.

கேட்டுத் தெரிந்துகொள்ள முயற்சி செய்யாமலும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலசிலாங்கூரில் ஒரு கடை வாசலில் மின்சாரக் கார்களை நிறுத்திப் பாட்டுப் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். விற்பனையாளரிடம், "எங்க பக்கம் வெள்ளம் வருமே, தண்ணியில ஓடுமா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது அக்கா, முதல்ல உட்கார்ந்து பாருங்க, சீட்டு எப்படி இருக்குன்னு" என்றார். எவ்வளவு ஆழம் வரை போகலாம், எப்போது போகக் கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையில் ஒரு குடையைக் கொடுத்து அனுப்பினார். பார்த்தாயா, பதில் சொல்லத் தெரியவில்லை, அப்படியானால் உண்மை என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அண்ணனும் நானும் ஒரு நாள் பக்கத்து வீட்டுக்கே போய், சுவரை ஒட்டிச் சார்ஜ் போட வேண்டாம் என்று சொன்னோம். அவள் ஏதேதோ காகிதங்களைக் காட்டினாள், மின்சார வேலை செய்தவரின் சான்றிதழைக் காட்டினாள். நாங்கள் கேட்கவில்லை. குழுவில் பத்துப் பேர் எங்கள் பக்கம் பேசியதும் அவள் அடங்கிவிட்டாள். அதன் பிறகு வேலை முடிந்து டவுனில் சார்ஜ் போடும் இடத்துக்குப் போய், காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு வருவாள். நாள் முழுதும் நின்று வேலை பார்த்த பெண். அவள் தாமதமாக வருவதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம்கூடக் கஷ்டமாக இல்லை.

அந்த மழை நாளுக்கு வருகிறேன். இரண்டு நாளாக விடாத மழை. கடலும் ஏறியிருந்ததால் பெரிய வாய்க்கால் வடியவில்லை. எங்கள் தாமானிலிருந்து பெரிய சாலைக்குப் போகும் வழியில், செம்பனைகளுக்கு நடுவே ஒரு பள்ளம் உண்டு; எங்கள் வாசலில் நின்றாலே தெரியும். அங்கே தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றது.

அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தவர் அப்படியே கீழே போட்டார். திரும்பிப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை வரவில்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். வேலைக்குக் கிளம்பிச் சீருடையில் இருந்தாள். அண்ணனின் இரண்டு கைகளையும் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். வலது கை எழவில்லை.

"அக்கா, இது ஸ்ட்ரோக். நேரம் போகக் கூடாது. நான் டவுனுக்குத்தான் போறேன். அண்ணனைத் தூக்குங்க, என் காடியில ஏத்திடலாம்."

"அந்தத் தண்ணியிலயா? உன் காடியிலயா?"

"தண்ணி அவ்வளவு ஆழம் இல்ல அக்கா. நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். மெதுவா போனா தாராளமா போயிடலாம்."

"கரண்ட் அடிச்சா? எங்க அண்ணன் நடுத் தண்ணியில செத்துப் போகணுமா?"

அவள் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் இரண்டு முறை கேட்டாள். கடைசி முறை கிட்டத்தட்ட கத்தினாள். அண்ணன் இடது கையைத் தூக்கி அந்தக் காரின் பக்கம் ஏதோ சைகை செய்தார். வேண்டாம் என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். "ஆம்புலன்சு வரும், நீ போ" என்று சொல்லிவிட்டேன்.

ஆம்புலன்சுக்குப் போன் செய்தோம். மூன்று இடங்களில் பாதை மூடியிருக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும், தாமதமாகும் என்றார்கள். ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் ஏற நோயாளிகள் அவளுக்காகக் காத்திருந்தார்கள். அதற்கு மேல் நிற்க முடியாமல் அவள் கிளம்பினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அந்த வெள்ளைக் கார் பள்ளத்தில் சத்தமில்லாமல் இறங்கியது. தண்ணீர் இரண்டு பக்கமும் மெல்ல விலகியது. அந்தப் பக்கம் ஏறி, பிரேக் விளக்கு ஒரு தரம் சிவப்பாக எரிந்து, கார் நின்றது. நான் கூப்பிடுவேனோ என்று பார்த்திருக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. அது போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்தும் ஆம்புலன்சு வராததால் பின்வரிசை வீட்டுக்காரர் ஒருவரை ஓட்டச் சொல்லி, அண்ணனின் பழைய காரில் அவரைப் படுக்க வைத்துக் கிளம்பினோம். பள்ளத்தின் நடுவில் போகும்போது எதிரே ஒரு லோரி வேகமாக இறங்கி, நிற்காமல் போனது. அது தள்ளிய அலை எங்கள் காரின் மூக்குக்கு மேல் ஏறியது. இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. அதற்குப் பிறகு அது உயிர் பெறவில்லை. உள்ளே கால்மிதியில் தண்ணீர் ஏறியது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். எத்தனையோ இஞ்சின்களுக்கு உயிர் கொடுத்த மனிதர்.

என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்தான். குற்றம் சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் எடுக்கவில்லை.

ஆம்புலன்சும் வராமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தோம். பிறகு தோட்டத்திலிருந்து செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் வங்காளதேசத் தொழிலாளி. பாஷை சரியாகத் தெரியாவிட்டாலும் பார்த்ததும் புரிந்துகொண்டார். பின்னால் இருந்த தொட்டியில் சாக்கை விரித்து அண்ணனைப் படுக்க வைத்தோம். பெரிய சாலையில் இறக்கி, இன்னொரு வேன் பிடித்து, இரண்டு இடங்களில் சுற்றி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால்.

அவசரப் பிரிவு வாசலில் ஒரு நர்ஸ் எங்களைப் பார்த்துவிட்டு, "புக்கிட் ரோத்தான் ஸ்ட்ரோக் கேசா? ஒன்பது மணிக்கே போன் வந்துச்சே. இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். போன் செய்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

அங்கிருந்து கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் இளம் வயதுக்காரர். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று உண்டு, ஆனால் அதைச் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அந்த நேரம் தாண்டிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். சீக்கிரம் வந்திருந்தால் நிச்சயம் குணமாகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. வாய்ப்பு இருந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். அந்த வாய்ப்பைத்தான் நான் வாசலோடு அனுப்பிவிட்டேன்.

அண்ணன் பிழைத்துக்கொண்டார். வலது பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அன்றைக்கு இடது கையைத் தூக்கினீர்களே, வேண்டாம் என்றீர்களா, ஏற்றச் சொன்னீர்களா என்று எத்தனையோ முறை அவரிடம் கேட்டிருக்கிறேன். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் இப்போது அவரிடம் ஒரே சத்தம்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டுப் பெண் வந்து, அவரை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"நீங்க என்னைப் பத்திப் பேசினதை மறந்துட்டேன்னு பொய் சொல்ல மாட்டேன் அக்கா. எங்க அம்மா அந்த மெசேஜை எல்லாம் படிச்சுட்டு அழுதாங்க. ஆனா அன்னைக்கு உங்களைத் தள்ளிவிட்டாவது நான் அண்ணனை ஏத்தியிருக்கணும். ஒரு நர்ஸ் நான். ஏன் விட்டுட்டுப் போனேன்னு எனக்கும்தான் தூக்கம் வரல."

என் வாயால் அவளுக்கும் ஒரு சுமையை ஏற்றி வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். அந்த வீடியோவில் எரிந்தது மின்சாரக் காரே இல்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் எழுதினேன். நிறையப் பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். மறுநாள் காலை அதே குழுவில் ஒருவர் வேறு ஒரு கார் எரியும் வீடியோவைப் போட்டிருந்தார். அடுத்த நிமிடமே எட்டுப் பேர் அதற்குப் பதில் எழுதியிருந்தார்கள்.

இந்தக் கதை எப்படியோ டவுன் வரை போயிருக்கிறது. போன மாதம் ஒரு மின்சாரக் கார் விற்பனையாளர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். தண்ணீரில் பக்கத்து வீட்டுக் கார் போனதையும் எங்கள் பெட்ரோல் கார் நின்றதையும் நான் கேமரா முன் சொல்ல வேண்டுமாம். அண்ணனைச் சக்கர நாற்காலியோடு பக்கத்தில் உட்கார வைத்தால் "மக்கள் மனசுல நிக்கும்" என்றார். அன்றைக்குக் கடை வாசலில் எனக்குப் பதில் கிடைக்காத கேள்வியை அவரிடமும் கேட்டேன். எவ்வளவு தண்ணீர் வரை போகலாம்? "அதை ஆபீசுல கேட்டுச் சொல்றேன் அக்கா" என்றார். பழக்கூடையைத் திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினேன். இன்று வரை அவரிடமிருந்து பதில் வரவில்லை.

இவர்களை நம்பாதே என்று அண்ணன் சொன்னது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. கார் கம்பெனிக்காரர்கள் எங்களை ஏமாற்றியது உண்மைதான்; ஆனால் எங்களை ஒரு நாளும் ஏமாற்றாத ஒரு பெண் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றபோது, அவர்கள் மேல் இருந்த கோபத்தை நான் அவளிடம் காட்டினேன், அதை இன்று உட்கார்ந்து அனுபவிப்பது அவர்களும் இல்லை, நானும் இல்லை, என் அண்ணன்.