கேட் போட்டுட்டான்

நான் பத்தாவதோடு நின்றவள். கல்யாணப் பத்திரிகையில் பெயர் எழுதித் தரச் சொன்னால்கூடக் கை கூசும். இதையெல்லாம் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் ஆட்டோ நின்றது. "கேட் போட்டுட்டான்மா, இன்னிக்கு பேஜாருதான்" என்றார் டிரைவர். சரக்கு ரயில் அசைந்து அசைந்து போனது. இருபது வருஷம் ஆகியும் அந்தச் சொல்லைக் கேட்டால் தலையை வெளியே நீட்டி அந்தப் பக்கம் பார்க்கிறேன்.

அப்போது கேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு, இந்தப் பக்கம் மகளின் பள்ளி. பள்ளியை ஒட்டி ஸ்டெல்லா அக்காவின் பிரவுசிங் சென்டர். உள்ளே ஊதுபத்தியும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. அக்காவிடம்தான் முதன்முதலில் என் முதுகைக் காட்டினேன்.  ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, இன்டர்நெட்டில் ஒரு குழுவைத் திறந்து கொடுத்தார்.

புருஷனிடம் அடிபட்டவர்கள், வேண்டாம் என்றாலும் விடாதவனோடு இரவைக் கழித்தவர்கள், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இடம் அது. சொந்தப் பெயர் கூடாது, ஊர் கூடாது. வீட்டுக்காரன் கண்ணில் பட்டால் என்ன ஆவது? அதனால் எல்லோரும் காய்கனிகள். நான் பீர்க்கங்காய். 'ஆமாம்' என்று தட்டவே எனக்கு அரை மணி ஆகும். அதற்குள் மற்றவர்கள் எனக்காக அழுது முடித்திருப்பார்கள்.

சுண்டைக்காய் என்று ஒருத்தி. எந்த ஆஸ்பத்திரியில் என்ன சொல்ல வேண்டும், பையில் எதை எடுத்துவைக்க வேண்டும், எல்லாம் சொல்வாள். அவளை அமெரிக்காவில் இருக்கும் டீச்சர் என்றே நினைத்திருந்தேன். தாமதமாகப் போகும் நாளில் "கேட் போட்டுட்டான்" என்று தட்டுவேன். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை என்ற பெருமை வேறு.

ஒருநாள் என் வீட்டுக்காரர் துறைமுக வேலைக்குப் போகும்போது, என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டினார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மகளை அவரே பள்ளியில் விட்டார். சனிக்கிழமை என்னை எங்காவது கூட்டிப்போய் முடித்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். எங்கே என்று கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜன்னலில், பழைய துணிக்குப் பாத்திரம் தரும் ஒரு பாத்திரக்காரி நின்றாள். பழைய துணி இல்லை என்றேன். கூடையை இறக்கிவிட்டுக் கம்பியில் முகத்தை வைத்தாள்.

"பீர்க்கங்கா, நான்தான் சுண்டக்கா. கேட் போட்டா இம்மா நேரம் நிக்கிற இடம் மெட்ராசுல வேற எங்க கீது?"

என்னைக் காணாமல், கேட்டைச் சுற்றியிருந்த பிரவுசிங் சென்டர்களில் ஏறி இறங்கியிருக்கிறாள். ஸ்டெல்லா அக்கா வீட்டைச் சொல்லியிருக்கிறார். கூடை அவளுடைய பக்கத்து வீட்டுக்காரியுடையது. சுண்டைக்காய் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் வைப்பவள்.

எதிர்வீட்டம்மா வெளியே வந்தார். "வூட்டுக்காரரு பூட்டினா ஏதோ காரணம் இருக்கும்ல?"

"காரணத்த நீயே வச்சிக்க. ஸ்குரூ டிரைவர் இருந்தா குடு."

திட்டிக்கொண்டே உள்ளே போன அந்தம்மா, திட்டிக்கொண்டே அதைக் கொண்டுவந்து கொடுத்தார். சுண்டைக்காய் தாழ்ப்பாளைக் கழற்றினாள். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு எண்ணூர் பஸ் ஏறினோம். அங்கே பெண்கள் தங்கும் ஓர் இல்லத்தின் வாசல் வரை வந்தாள். பெயரைக் கேட்டேன். சிரித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவளைப் பார்க்கவில்லை.

பிரவுசிங் சென்டர் இப்போது பிரியாணிக் கடை. குழுவை நடத்திய தளத்தை மூடிவிட்டார்கள். நாங்கள் எழுதியது ஒரு வரிகூட மிச்சமில்லை. கொய்யா என்று ஒருத்தி இருந்தாள். எனக்கு முன்பே ஒருநாள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். குழுவின் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவள். ஒரு கேட், ஒரு கோயில், ஒரு கடல் என்று எதையும் எழுதியதில்லை. அவளை எங்கே போய்த் தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போதும் சில நாள் அவளுக்குப் பதில் தட்டுவதுபோல என் விரல்கள் அசைகின்றன.

நாங்கள் எண்ணூர் போன மறுநாள் வீட்டுக்காரர் ஸ்டெல்லா அக்காவிடம் வந்து, நான் எந்தக் கம்ப்யூட்டரில் உட்காருவேன் என்று கேட்டாராம். அக்கா ஏதோ ஒன்றைக் காட்டியிருக்கிறார். அதை எப்படிப் போடுவது என்று அவருக்குத் தெரியாது. சாயங்காலம் வரை அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாராம்.