பழைய பூட் செக்டர்

அண்ணனுக்கும் எனக்கும் ஒரே பிழைப்பு, கம்ப்யூட்டர். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மெஷினைக் கிளப்பிவிடும் பூட்லோடரைப் போடுவதற்கு முன் டிஸ்க்கின் முதல் செக்டரை நகலெடுத்து வெளியே வைத்துவிட வேண்டும். மெஷின் எப்படிக் கிளம்புவது என்பதும், டிஸ்க்கில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்கிற வரைபடமும் அந்தத் துளி இடத்தில்தான் இருக்கின்றன. அண்ணன் இதில் படு கறார். ஜீவனஹள்ளியில் தன் வீட்டுப் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டபோதுகூட, நகலைப் பென்டிரைவில் எடுத்து ஜாதகம் மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டினான். நான் கேலி செய்தேன்.

பிறகுதான் அண்ணிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. அண்ணன் அவரை ஓயாமல் வீடியோ எடுத்தான். போன் நிரம்பும்போதெல்லாம் லேப்டாப்பில் ஏற்றிவிட்டுப் போனில் அழித்துவிடுவான். அங்கும் இடம் பற்றாமல் டிஸ்க்கைப் பிரித்து, வீடியோக்களுக்கென்று தனிப் பகுதி உண்டாக்கினான். ஆஸ்பத்திரி அலைச்சலில் செக்டரை மறுபடி நகலெடுக்கத் தோன்றவில்லை.

அண்ணி போன கொஞ்ச நாளில், ஏதோ அப்டேட்டுக்குப் பின் லேப்டாப் கிளம்ப மறுத்தது. அண்ணன் பதறவே இல்லை. பீரோவைத் திறந்து பழைய நகலை அப்படியே திருப்பி எழுதினான். கூடவே பழைய வரைபடமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் வீடியோ பகுதியே கிடையாது. லேப்டாப் அப்போதும் கிளம்பாததால் லினக்ஸைப் புதிதாகப் போட உட்கார்ந்தான். வீடியோக்கள் இருந்த இடத்தைக் காலி என்று திரை காட்டியது. திரை சொன்னால் எங்களுக்கு வேதவாக்கு. அந்த இடத்திலேயே போட்டுவிட்டான்.

"பேக்கப் எடுத்து வச்சிருந்தேனே பாப்பா, எல்லாம் கரெக்டா தானே பண்ணேன்" என்று போனில் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊரான் வீட்டு சர்வரையெல்லாம் கண்கொத்திப் பாம்பாகக் காத்தவனுக்கு இது ஏன் நடக்க வேண்டும்?

லீவு போட்டுவிட்டுப் போய் டிஸ்க்கைத் துருவினேன். கிடைத்ததெல்லாம் திறக்க முடியாத துண்டுகள். ஓடியது ஒன்றே ஒன்று. அதில் அண்ணி மொட்டைத் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு கோபப்படுகிறார். "என்னை இந்தக் கோலத்துல எடுக்காதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? அழிச்சிடுங்க அத."

"அண்ணி அழிக்கத்தானே சொல்றாங்க, என்ன பண்ணட்டும்ணா?" என்று கேட்டேன்.

"வேணாம் பாப்பா" என்றான். "எங்கிட்ட பேசுறா பாரு."